அம்மாவையும் அப்பாவையும் தனியாக ரொறன்ரோவுக்கு அனுப்புகிறோம்: கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகுமுன் எதையெல்லாம் முடிக்கவேண்டும்?

கடற்கரைவீதி – வெள்ளி, இரவு 8.40

என் பெற்றோர் ஜூன் மாதம் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் போகிறார்கள். வருகையாளர் விசா கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டு வந்துவிட்டது. டோகாவில் விமானம் மாறவேண்டும். அப்பாவுக்கு 71 வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. அம்மாவுக்கு 66, முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, ஆனால் ஆங்கிலம் பேசக் கூச்சப்படுவார். திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வந்தவர்கள்தான். இவ்வளவு தூரம், அதுவும் பிள்ளைகள் யாரும் கூட இல்லாமல், போவது இதுவே முதல் தடவை.

தேடிப் பார்த்தால் கழுத்துத் தலையணை வாங்குங்கள், சட்டைகளைச் சுருட்டி அடுக்குங்கள் என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து, இலங்கைக் கடவுச்சீட்டோடு, தமிழ்ப் பெயரோடு, வயதான இருவர் போகும்போது உண்மையில் எங்கே சிக்கல் வருகிறது? அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

செட்டியார்தெரு – வெள்ளி, இரவு 9.15

தம்பி, பயணச்சீட்டுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிக்கல் எங்கே என்று கேட்டால் முதலில் பெயரைத்தான் சொல்வேன்.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், மற்றப் பெயர்களுக்கு ஒரு கட்டம். அப்பாவின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கும். அம்மாவுக்கு அவருடைய தகப்பன் பெயரோ அப்பாவின் பெயரோ இருக்கும். அக்கா திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாறியிருப்பார். ஆக ஒரே குடும்பத்துக்கு மூன்று குடும்பப் பெயர்கள். கனடாவின் எல்லை அதிகாரி, "மகளிடம் போகிறோம் என்கிறீர்கள், பெயர் ஒன்றும் பொருந்தவில்லையே" என்று கேட்டால் அதில் குற்றம் சொல்ல முடியாது. பெற்றோரின் திருமணச் சான்றிதழ், அக்காவின் பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். விசாவுக்கு இணைத்த பிரதிகளே போதும், புதிதாக எதுவும் செய்யவேண்டாம்.

அடுத்து, டிக்கெட்டில் உள்ள பெயரைக் கடவுச்சீட்டின் படப் பக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை. குடும்பப் பெயரும் மற்றப் பெயரும் இடம் மாறியிருந்தால் இன்றே முகவரிடம் சொல்லுங்கள். பயணத்துக்கு முதல்நாள் சொன்னால் கட்டணம் கேட்பார்கள், சில வேளை புது டிக்கெட்டே எடுக்கச் சொல்வார்கள். ஆனால் பெயரின் கடைசியில் "மிஸ்டர்" அல்லது "மிஸஸ்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதற்றப்படவேண்டாம். முன்பதிவுக் கணினி அப்படித்தான் அச்சிடும். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியிலேயே பெயருக்கு 39 இடங்கள்தான். நம்முடைய பாட்டன்மார் அதை யோசித்துப் பெயர் வைக்கவில்லை.

மருதானைரயில் – வெள்ளி, இரவு 9.32

ஐயா சொன்னதோடு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து மத்திய கிழக்குக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு, விடியுமுன் புறப்படுபவை. டிக்கெட்டில் சனிக்கிழமை 00.40 என்று இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பவேண்டியது வெள்ளிக்கிழமை இரவு. படித்தவர்கள், கணக்காளர்கள்கூடச் சனி இரவு பெட்டியோடு வந்து நின்றிருக்கிறார்கள். நாட்காட்டியில் விமான நேரத்தைக் குறிக்காதீர்கள். வாகனம் வீட்டு வாசலுக்கு வரும் நேரத்தையும் கிழமையையும் எழுதி ஒட்டுங்கள்.

கொச்சிக்கடைக்காற்று – வெள்ளி, இரவு 10.05

இடையில் ஒரு கேள்வி. என் மாமியாரும் கனடாவுக்குப் போகிறார். ஐரோப்பா வழியாக, பிராங்போர்ட்டில் மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. டோகாவுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? வெளியே போகப்போவதில்லையே.

செட்டியார்தெரு – வெள்ளி, இரவு 10.28

வேறுபாடு இருக்கிறது அம்மா. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட ஷெங்கன் நாடுகள் (ஜெர்மனி போல, ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) சில நாட்டவரிடம் விசா கேட்கும், அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. செல்லுபடியாகும் கனடா விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விசாவைப் பயன்படுத்திவிட்டுக் கனடாவிலிருந்து திரும்பி வரும்போதும் அந்த விலக்கு உண்டு. ஆகவே உங்கள் மாமியார் போகலாம். ஆனால் அதே வழியில் விசா இல்லாமல் வேறொரு நாட்டுக்குப் போகிறவருக்கு இந்த விலக்குக் கிடைக்காது.

இதைவிடப் பெரிய வில்லங்கம், ஒரு நிறுவனத்தில் பாதி வழிக்கும் இன்னொரு நிறுவனத்தில் மீதி வழிக்கும் தனித்தனி டிக்கெட் எடுப்பது. இணையத்தில் மலிவாகத் தெரிவதில் பல இந்த வகை. பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போகாது. நடுவில் இறங்கி, குடிவரவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வயதானவர்களுக்கு ஒரே முன்பதிவு எண்ணில், கொழும்பு முதல் ரொறன்ரோ வரை ஒரே டிக்கெட். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதற்குக் கவுண்டரில் இருப்பவர்கள் பார்ப்பது ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் நடத்தும் டிமாட்டிக் என்ற தரவுத்தளம். உறவினர் "நான் போனேனே, கேட்கவில்லையே" என்று சொல்வது அங்கே எடுபடாது.

தெகிவளைக்காரி – சனி, காலை 6.50

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தாதி. மருந்து விஷயத்தை யாரும் தொடவில்லை.

நம் ஊரில் அரச கிளினிக்கிலும் பல பாமசிகளிலும் மாத்திரைகளை எண்ணிச் சிறிய கடதாசி உறையில் போட்டு, மேலே "காலை 1, இரவு 1" என்று எழுதித் தருவார்கள். வெளிநாட்டுச் சுங்க அதிகாரி அதைப் பார்த்தால் பெயரில்லாத வெள்ளை மாத்திரைகள் நூறு. ஆகவே பயணத்துக்கான மருந்தை அட்டையோடும் பெட்டியோடும் வாங்குங்கள். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள்: நோய், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை வேளை. வணிகப் பெயர் கனடாவில் யாருக்கும் புரியாது. மெட்போர்மின், லொசார்டன் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள்.

மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளைச் சொந்தத் தேவைக்குக் கொண்டுபோகக் கனடா 90 நாட்கள்வரை அனுமதிக்கிறது. ஆறு மாதத்துக்குச் சேர்த்து மூட்டை கட்டாதீர்கள். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கவேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது, உறைந்தால் பயனற்றுப்போகும்.

ஜூனில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். பயண நாளில் "இரவு மாத்திரை" எது, "காலை மாத்திரை" எது என்று அப்பா குழம்பிப்போவார். இரண்டு மாத்திரைக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த நேரங்களைக் கொழும்பு நேரத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருடைய கைக்கடிகாரத்தைப் போய்ச் சேரும்வரை மாற்றவேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் சாப்பாடு தாமதமாகும் என்று எண்ணிக் கையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் வைத்திருக்கவேண்டும்.

காப்புறுதியையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வருகையாளருக்கு அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது, ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தால் வரும் செலவு குடும்பத்தையே உலுக்கிவிடும். பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசா என்றால் குறைந்தது 100,000 கனேடிய டொலருக்குக் காப்புறுதி கட்டாயம். சாதாரண வருகையாளர் விசாவுக்குக் கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எடுக்கும்போது, முன்பே உள்ள நோய்கள் "நிலையாக" இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தேடி வாசியுங்கள். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் மாத்திரையின் அளவு மாறியிருந்தாலே நிலையாக இல்லை என்று சொல்லிக் கொடுப்பனவை மறுக்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உடல்நலத்தை மறைத்துக் குறைந்த கட்டணத்தில் எடுப்பது காசைக் கடலில் போடுவதற்குச் சமம்.

கடற்கரைவீதி – சனி, காலை 8.10

அக்கா, மிக்க நன்றி. அப்பாவின் மருந்து முழுவதும் கடதாசி உறையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பாமசிக்குப் போகிறேன்.

சக்கர நாற்காலி கேட்கலாமா? அம்மா நடப்பார், ஆனால் மெதுவாக. அப்பா, "நான் என்ன நோயாளியா" என்று கோபப்படுகிறார்.

மருதானைரயில் – சனி, காலை 8.31

என் கருத்து பலருக்குப் பிடிக்காது. நடக்கக்கூடியவர்களுக்கு வரிசையைத் தாண்டுவதற்காகச் சக்கர நாற்காலி கேட்பது சரியில்லை. நம்மவர்கள் போகும் விமானங்களில் வாசலில் நாற்காலிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உண்மையில் நடக்கமுடியாத ஒருவர் கடைசியில் காத்திருக்கிறார்.

தெகிவளைக்காரி – சனி, காலை 8.44

முழங்கால் தேய்ந்த 66 வயதுப் பெண் பெரிய விமான நிலையமொன்றில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து காட்டித்தான் தகுதியை நிரூபிக்கவேண்டுமா? வலி வெளியே தெரிவதில்லை, தம்பி.

செட்டியார்தெரு – சனி, காலை 9.20

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். சக்கர நாற்காலியில் மூன்று வகை உண்டு. படியேறவும் இருக்கைக்கு நடக்கவும் முடியும், தூரம் மட்டும் நடக்கமுடியாது என்பது ஒன்று. படியேறமுடியாது என்பது இன்னொன்று. இருக்கைவரை தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது மூன்றாவது. அம்மாவுக்கு முதல் வகை பொருந்தும், அதில் பொய் எதுவும் இல்லை. அப்பாவுக்கு நாற்காலி வேண்டாம். அம்மாவை அழைத்துப்போகிற பணியாளருக்குப் பக்கத்தில் அப்பா நடந்துபோவார், கௌரவமும் காப்பாற்றப்படும். வழி தெரியாது, மொழி தெரியாது என்பது மட்டும்தான் குறை என்றால், வாசலில் சந்தித்து அடுத்த வாசல்வரை கூட்டிப்போகும் தனி உதவிச் சேவையைச் சில நிறுவனங்கள் தருகின்றன, அதைக் கேட்கலாம். எதுவாக இருந்தாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவில் சேர்த்துவிடவேண்டும். கவுண்டரில் வந்து கேட்டால் அன்றைய அதிர்ஷ்டம்தான்.

சாப்பாட்டையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அம்மா சைவமா? அப்படியானால் "ஆசிய சைவ உணவு" என்று கேளுங்கள். பட்டியலில் "இந்து உணவு" என்று ஒன்று இருக்கும், அதைப் பார்த்துப் பக்தியோடு தெரிவுசெய்துவிடாதீர்கள். அது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத அசைவச் சாப்பாடு. கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வரும். வெள்ளிக்கிழமை விரதத்தில் தட்டைத் திறந்து பார்த்து அதிர்ந்த மாமிகள் பலரை எனக்குத் தெரியும்.

கொச்சிக்கடைக்காற்று – சனி, காலை 9.41

ஐயா, இதற்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். மாமியார் "இந்து உணவு" என்றுதான் போட்டிருக்கிறார்.

அட்டன்தேயிலை – சனி, முற்பகல் 11.15

டுபாயில் வேலை செய்துவிட்டு இப்போது கொழும்பில் இருக்கிறேன். வளைகுடா வழியாகவோ வளைகுடாவுக்கோ போகிறவர்கள் சமையல் சாமான்களைக் கவனிக்கவேண்டும். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்டது. நம் அம்மாக்களுக்கு அது குருமாவில் போடும் சாமான், அங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். கோடீன், டிரமடோல் கலந்த வலி மாத்திரைகளுக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் "என் மகனுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று தரும் பொதியை வாங்கவே வாங்காதீர்கள். பெட்டியில் இருப்பது யாருடையது என்று கேட்டால், பெட்டி யாருடையதோ அவருடையது. உறவு முறியும் என்று பயந்தால், "எடை கூடிவிட்டது" என்று சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால்: புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யுங்கள். "சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றித் தருகிறேன்" என்று சொல்லும் முகவரின் தொலைபேசி இலக்கத்தை அழித்துவிடுங்கள்.

கடற்கரைவீதி – சனி, மதியம் 12.30

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. அம்மா இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்: மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, பயித்தம் பணியாரம், கருவாடு, தேசிக்காய் ஊறுகாய், கறிவேப்பிலை, போதாததற்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஜூன் மாம்பழக் காலமாம்.

மருதானைரயில் – சனி, மதியம் 12.52

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இவற்றில் முக்கால்வாசி கடையிலேயே கிடைக்கிறது. டிக்கெட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் 46 கிலோவில் 30 கிலோ மிளகாய்த்தூளா?

தெகிவளைக்காரி – சனி, பிற்பகல் 1.05

மகளுக்கு அம்மாவின் கையால் வறுத்த தூள் வேண்டும். கடையில் கிடைக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. அதை விடுங்கள்.

செட்டியார்தெரு – சனி, பிற்பகல் 2.10

தூள், மா, பனங்கட்டி, பணியாரம், கருவாடு ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். மாம்பழத்தையும் பச்சைக் கறிவேப்பிலையையும் இங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். உயிருள்ள இலை, பழம் என்றால் பூச்சியும் நோயும் கூடவே வரும் என்பதால் எல்லா நாடுகளும் அவற்றில் கடுமை. எது இருந்தாலும், உணவு கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்று பதில் சொல்லவேண்டும். "ஆம்" என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், வேண்டாததை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். "இல்லை" என்று சொல்லிவிட்டு அகப்பட்டால் கனடாவில் 1,300 டொலர்வரை தண்டம். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், அங்கே விசாவே ரத்தாகலாம். நம்மவர்களுக்கு "இல்லை" என்று சொல்வது ஒரு பழக்கம். அம்மாவிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள்.

ஊறுகாயைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் அது திரவக் கணக்கு, 100 மில்லிலீட்டருக்கு மேல் போகாது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதியொன்று பிடிபட்ட பிறகு வந்த விதி இது. சில விமான நிலையங்கள் புதிய இயந்திரங்கள் வைத்து இதைத் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் டோகாவில் மறுபடி சோதனை இருக்கும் என்று எண்ணியே பையை அடுக்குங்கள்.

எடையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட அமெரிக்காவுக்குப் பொதிகளின் எண்ணிக்கைதான் கணக்கு. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று டிக்கெட்டில் இருந்தால், ஒன்றில் 28, மற்றதில் 18 என்று வைத்தாலும் கூடுதல் கட்டணம்தான். 32 கிலோவுக்கு மேல் எந்த ஒரு பெட்டியையும் ஏற்கமாட்டார்கள், சுமைதூக்குபவர்களின் முதுகுக்காக. புறக்கோட்டையில் தொங்கு தராசு விற்கிறார்கள், ஒன்று வாங்குங்கள். கட்டுநாயக்கா தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு ஒடியல் மாவை இடம் மாற்றும் காட்சி நன்றாக இருக்காது.

கொச்சிக்கடைக்காற்று – சனி, மாலை 5.20

பூசைச் சாமான்? மாமியார் கற்பூரம், தீப்பெட்டி, திருநீறு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்.

செட்டியார்தெரு – சனி, மாலை 5.48

கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள் என்ற வகுப்பில் வருகிறது. கைப்பையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம். தீப்பெட்டியைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. இரண்டையும் அங்கே கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். திருநீறு, குங்குமத்தில் சிறு சம்புடம் மட்டும் கையில் இருக்கட்டும், மீதி பெட்டியில். அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் விமானங்களில் 350 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட தூளைக் கைப்பையில் வைத்தால் தனியாகச் சோதிப்பார்கள், விடாமலும் போகலாம்.

மருதானைரயில் – சனி, மாலை 6.15

பவர் பாங்க் இதற்கு நேர்மாறு: பெட்டியில் வைக்கக்கூடாது, கைப்பையில்தான் வைக்கவேண்டும். சரக்கறையில் தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது, கையில் இருந்தால் பணியாளர்கள் அணைப்பார்கள். 100 வாட்-மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்கத் தேவையில்லை. 10,000 மில்லியம்பியர்-மணி என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. அளவு அழிந்துபோன பழையதைப் பல இடங்களில் பறித்துவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்த பிறகு விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அதே ஆண்டு ஒக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையே தடைசெய்துவிட்டன. ஆகவே வீட்டிலேயே தொலைபேசியை முழுவதும் சார்ஜ் செய்து அனுப்புங்கள்.

கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு முள். தொலைபேசி சார்ஜரில் 100–240 என்று அச்சடித்திருக்கும், அதற்கு முள் மாற்றி மட்டும் போதும். அம்மாவின் 230 வோல்ட் கிரைண்டர் அங்கே ஒழுங்காக இயங்காது. கேட்பார், கொடுக்காதீர்கள்.

கடற்கரைவீதி – சனி, இரவு 7.30

கேட்டுவிட்டார்.

அட்டன்தேயிலை – சனி, இரவு 8.05

பண விஷயம். அப்பாவின் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்ய, வங்கிக்குச் சொல்லித் திறந்துவிடவேண்டும். இணையத்தில் எதையாவது வாங்கினால் கடவு எண் எஸ்.எம்.எஸ். ஆக இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே போய்த் தவிக்கிறார்கள். ரோமிங்கை எஸ்.எம்.எஸ். அளவுக்குத் திறந்து, ரோமிங் டேட்டாவை மட்டும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் விமானம் இறங்குவதற்குள் பில் ஏறிவிடும். வாட்ஸ்அப்பைப் புது இலக்கத்துக்கு மாற்றவேண்டாம். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயில் கழிக்கவா, டொலரில் கழிக்கவா" என்று இயந்திரம் கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தெரிவுசெய்யவேண்டும். ரூபாய் என்றால் அவர்கள் சொல்லும் மாற்று விகிதம், பெரும்பாலும் நமக்கு நட்டம்.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போகிறவர்களுக்கு ஒரு வரி: மூன்று நாடுகளும் இப்போது வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன, வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். மூன்றும் இலவசம். தேடலில் முதலில் வருகிற தளம் பணம் கேட்டால் அது அரசின் தளம் இல்லை.

தெகிவளைக்காரி – சனி, இரவு 9.10

எல்லையில் கேட்கும் கேள்விகளுக்கு அப்பா, அம்மாவைத் தேர்வுக்குப் போல மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒப்புவித்தால் சந்தேகம்தான் வரும். எங்கே தங்குகிறீர்கள், எவ்வளவு காலம், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். அக்காவின் முகவரி, தொலைபேசி இலக்கம், திரும்பும் டிக்கெட் ஆகியவை அச்சிட்ட தாளில் இருக்கட்டும். தொலைபேசியில் மட்டும் வைத்தால் அது அணைந்த நேரத்தில் உதவாது. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று சொல்லட்டும், மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் அவமானம் இல்லை. புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் ஆபத்து, நம்முடைய தலையாட்டல் அங்கே வேறு பொருள் கொள்ளப்படும்.

விசாவில் உள்ள கடைசித் தேதி, கனடாவுக்குள் நுழைவதற்கான கடைசித் தேதி. தங்கும் காலம் வேறு. அதிகாரி வேறு தேதி எழுதாவிட்டால், பொதுவாக நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். இதைக் குழப்பிக்கொண்டு கூடுதலாகத் தங்கியவர்களுக்கு அடுத்த விசா கடினமாகிவிடுகிறது.

மருதானைரயில் – ஞாயிறு, காலை 7.45

கடைசியாக, எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும்? மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருந்தால் போதும் என்பேன். நான்கு, ஐந்து மணி நேரம் முன்னால் போய் உட்காருவது முதியவர்களை வீணாகக் களைப்படையச் செய்யும். கவுண்டரே பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்கு முன்தான் திறக்கும்.

செட்டியார்தெரு – ஞாயிறு, காலை 8.30

மூன்று மணி நேரம் என்பது உள்ளே போய் நிற்கும் நேரம். வாசலிலேயே பெட்டிகளை ஊடுகதிர் சோதனைக்குப் போடவேண்டும், நள்ளிரவில் அங்கே கூட்டம். கொழும்பு–கட்டுநாயக்கா அதிவேக வீதி 2013இல் திறந்ததிலிருந்து அந்த 25 கிலோமீட்டர் சொச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை, கொழும்பின் தெற்கே வெள்ளவத்தையிலிருந்து அந்த வீதியின் பேலியகொடை நுழைவாயில்வரை போவதுதான். மழை பெய்தால், காலி ஊருக்குப் போகும் காலி வீதி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், ஜூனில் மழை பெய்யும். வழியனுப்ப ஒரு வான் நிறைய உறவினர் வருவார்களானால், அவர்கள் சேலை கட்டி முடிப்பதற்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும் பெட்டி வராவிட்டால் சுங்கத்தைத் தாண்டி வெளியே வராமல், உள்ளேயே உள்ள பொதிகள் மேசையில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி இலக்கம் வாங்கவேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். கவுண்டரில் ஒட்டித் தரும் பொதிச் சீட்டைக் கடவுச்சீட்டின் பின்னட்டையில் ஒட்டுவார்கள், அதைப் பிய்த்தெறியக்கூடாது. பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிடவேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை. பெட்டிகளைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் படமெடுங்கள். இருவரின் உடைகளையும் இரண்டு பெட்டியிலும் கலந்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் ஒருவர் மாற்றுடை இல்லாமல் நிற்கமாட்டார்.

கடற்கரைவீதி – ஞாயிறு, மாலை 4.15

டிக்கெட்டைக் கடவுச்சீட்டோடு வைத்துப் பார்த்தேன். அப்பாவின் பெயர் சரி. அம்மாவின் டிக்கெட்டில் குடும்பப் பெயரும் மற்றப் பெயரும் இடம் மாறியிருந்தன. முகவரை அழைத்தேன், இன்னும் நாள் இருப்பதால் கட்டணமில்லாமல் திருத்துவதாகச் சொன்னார். அம்மாவுக்கு நாற்காலியும் சைவ உணவும் அப்பாவுக்கு நீரிழிவு உணவும் சேர்த்தாகிவிட்டது. மாம்பழப் பேச்சுவார்த்தை தொடர்கிறது.

செட்டியார்தெரு – ஞாயிறு, மாலை 4.50

நல்லது. பெயரைத் திருத்த முகவர் டிக்கெட்டை மறுபடி வெளியிட்டால், நாற்காலியும் உணவும் புது முன்பதிவில் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை கேளுங்கள். விமான நேரத்தை நிறுவனம் மாற்றினாலும் அப்படியே. அந்தக் கோரிக்கைகள் சில வேளை பழைய பதிவோடு விழுந்துவிடும், யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.